கூடை அல்ல, குடை

மார்ச் 3

அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஆலையின் கூடைப்பந்து ஆட்டக்கூடத்தைத் திறந்தேன். "ஞாயித்துக்கிழமையுமா?" என்று கேட்டபடி காவலாளி சாவியைக் கொடுத்தார். விளக்கைப் போடவில்லை. ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று இருபத்தெட்டு முறை எறிந்தேன். ஒன்பது விழுந்தன. பார்க்க ஆளில்லை, சிரிக்க ஆளில்லை, ஓடிக் களைத்தவளும் இல்லை நான். ஆனாலும் ஒன்பதுதான். நேற்று எங்கள் ஆலை அணி உன் அணியோடு ஆடியபோது என் சென்டருக்கு, வளையத்துக்குக் கீழே ஆடுகிறவளுக்கு, கிடைத்தது இருபத்தெட்டு எறி. அவள் போட்டதும் ஒன்பது.

ஆட்டம் முடிந்ததும் உனக்குக் கை கொடுக்காமல் போனேன். அதற்குப் பிறகு நீ நான்கு முறை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. ஃபோனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம். கடைசியில் நீதான் பேசுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் இது.

நேற்று நீ 'அந்த நெட்டை' என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவளுக்கு இங்கே ஒட்டகச்சிவிங்கி என்று பெயர். அவ்வளவு நீளத்தை யார் கூப்பிடுவது என்று பெண்கள் அதைச் 'சிவிங்கி' ஆக்கிவிட்டார்கள். காலையில் பெட்டி கட்டும் பிரிவில் நிற்கிறாள், மதியத்துக்கு மேல் என்னிடம் வருகிறாள். மூன்று வருடமாகத் தற்காலிகம். ஜூனில் நிரந்தரம் செய்வதாக நிர்வாகம் வாய் வார்த்தையாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் இந்த லீக்கில் கடைசி இடத்துக்குப் போகும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். இறங்கினால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று போன மாதமே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஆட்டத்துக்காக எடுத்தவளுக்கு ஆட்டம் இல்லையென்றால் பெட்டியும் இல்லை. அவளுடைய அம்மாவும் தம்பியும் அவளை நம்பித்தான் இருக்கிறார்கள்.

நேற்று உன் அணியின் கோச்சாக நீ செய்ததை நான் எங்கள் பெஞ்சிலிருந்து பார்த்தேன். பந்து அவள் பக்கமே வராதபோதும் உன் பெண்கள் அவளைப் பிடித்தார்கள். ஒவ்வொரு ஃபவுலுக்கும் அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒருத்தி ஐந்து ஃபவுலில் வெளியே போனால் இன்னொருத்தி எழுந்து வந்தாள், அவளும் பிடிக்கத்தான் வந்தாள். பார்வையாளர்களில் ஒருவன், "ஓசியில குடுத்தாக்கூட வாங்கத் தெரியலையேம்மா உனக்கு" என்றான். கூடமே சிரித்தது. சிவிங்கியும் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேண்டுமென்றே பிடித்தால் எங்களுக்கு இரண்டு எறியோடு பந்தும் தர வேண்டும் என்று நடுவரிடம் சொன்னேன். பெஞ்சிலிருந்து நீ உத்தரவு கொடுப்பதாகவும் சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அவங்க 'கூடை'ன்னுதானே மேடம் கத்துறாங்க? அவங்க பொண்ணுங்களை உற்சாகப்படுத்துறாங்க" என்றார்.

நீ கத்தியது கூடை இல்லை. குடை. அந்தக் கூடத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் அப்பா சுவரில் அடித்துக் கொடுத்த இரும்பு வளையம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே வருடத்தில் மூன்று குடை தொலைத்து அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். நான் பந்தோடு வளையத்துக்குக் கீழே வந்துவிட்டால் நீ "குடை!" என்பாய். நான் திடுக்கிட்டுத் திரும்புவேன். நீ பிடித்துக்கொள்வாய். பிறகு, "சரி, ரெண்டு ஃப்ரீ த்ரோ எடுத்துக்கோ" என்பாய், பெரிய மனசோடு. எனக்கு விழாது என்று உனக்குத் தெரியும்.

இன்னும் நான்கு ஆட்டம் இருக்கிறது. கடைசி ஆட்டம் மறுபடியும் உன்னோடு. உங்கள் துறைமுக அணி முதல் மூன்றுக்குள் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் தோற்றாலும் உனக்கு ஒன்றும் ஆகாது. அன்றைக்கு மட்டும் அவளை விட்டுவிடு. கேட்கிறேன், அவ்வளவுதான்.

சின்னவள்


மார்ச் 9

சின்னவளுக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கை கொடுக்காததற்கு ஒரு வரி வருத்தம் இல்லை. சரி, போகட்டும்.

விட மாட்டேன். உன் சிவிங்கி வளையத்துக்குக் கீழே பந்தை வாங்கினால் பத்தில் ஒன்பது உள்ளே போகிறது. கோட்டில் நிற்க வைத்தால் பத்தில் மூன்று. என் பெண்கள் அவள் தோள் உயரத்துக்குத்தான் இருக்கிறார்கள். நான் என்ன, ஸ்டூல் போட்டா ஆட வைக்க முடியும்? என் பெண்களுக்கும் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. உன்னுடையவளுக்கு மட்டும் அம்மாவும் தம்பியும் இருப்பதுபோல எழுதாதே.

ஆனால் இதை உடைக்க வழி இருக்கிறது. எதிர் அணிக் கோச் கேட்காமலே வழி சொல்கிற முட்டாள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேட்டுக்கொள்.

அவள் நிற்கும்போது பந்தைக் கொடுக்காதே. குதித்த பிறகு, காற்றில் இருக்கும்போது கொடு. பிடிக்க வருகிறவள் தாமதமாகிவிடுவாள். இரண்டாவது எறி தவறும்போது விழுகிற பந்தை எடுக்க முரட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கோட்டோரம் நிறுத்து. உன்னிடம் அப்படி யாரும் இல்லை என்பது தெரியும், இருந்தாலும் நிறுத்து. கடைசி இரண்டு நிமிடம் அவளை வெளியே உட்கார வை. எல்லாரும் செய்வதுதான், அவமானம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. அவளைக் கீழிருந்து போடச் சொல். இரண்டு கையாலும், முழங்காலுக்கு நடுவிலிருந்து மேலே தூக்கி.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி வைத்துவிட்டுத் துணி காயப் போட்டு வந்தேன். நீ அப்படித்தான் போடுவாய், பத்து வயதில். பத்துக்கு ஏழு விழும். எனக்கு ஐந்துகூட விழாது. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்கும்போது, "என்னடி, வாளித் தண்ணி ஊத்துறியா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நீ தலைக்கு மேலிருந்து போட ஆரம்பித்தாய். அதற்கப்புறம் உனக்கு விழவே இல்லை. பந்தயத்தில் ஜெயித்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

குடையை நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

நீ சொன்னதைச் செய்தேன். செய்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன், பிறகு நீ என் முயற்சியைக் குறை சொல்ல முடியாது.

கீழிருந்து போடுவதை முதலில் நானே அவளுக்கு முன்னால் செய்து காட்டினேன். என் கை அதை மறக்கவில்லை. ஆறு போட்டு நான்கு விழுந்தது. சிவிங்கி என்னையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது தெரிஞ்சுக்கிட்டே ஏன் கோச்சக்கா இத்தனை வருஷம் மேலருந்து போட்டீங்க?" என்றாள். பந்தை அவள் கையில் கொடுத்தேன்.

ஐந்தாம் நாளே அவளுக்குப் பத்தில் ஆறு, சில நாள் ஏழு. மற்ற பெண்கள் சும்மா இருப்பார்களா? "ஏய், குழந்தைக்குத் தாலாட்டு", "தொட்டில் ஆடுது" என்று ஆரம்பித்தார்கள். அவள் பதிலுக்கு, "உங்க புருஷனுங்களை ஆட்டத்தான் ஆளில்ல" என்று வாயை அடைத்தாள். நன்றாக இருந்தாள் அக்கா. நான் நம்ப ஆரம்பித்தேன். என் வயதில் அது ஒரு கெட்ட பழக்கம்.

பிறகு மருத்துவமனை அணியோடு ஆட்டம். உன் வித்தை லீக் முழுவதும் பரவிவிட்டது. அவர்களும் பிடித்தார்கள். முதல் எறியை அவள் கீழிருந்து போட்டாள். வளையத்தைத் தொட்டு வெளியே போனது. கூடத்தில் சிரிப்பு. யாரோ வாளி என்றார்கள். அந்த வார்த்தை ஊர் ஊராக இருக்கும் போல. இரண்டாவது எறிக்கு அவள் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். அது பலகையைக்கூடத் தொடவில்லை. கடைசி மூன்று நிமிடம் அவளை உட்கார வைத்துவிட்டு ஒரு குட்டைப் பெண்ணை இறக்கினேன். ஜெயித்தோம், நான்கு புள்ளியில்.

ஜெயித்த மறுநாள் பணியாளர் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவர் ஆட்டத்துக்கு வந்திருக்கிறார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துப் போனேன். "கடைசியில பெஞ்சுல உட்கார்ற ஆளையா நிரந்தரம் பண்ணச் சொல்றீங்க? அந்தக் குட்டைப் பொண்ணு நல்லா போடுறாளே, அவளுக்கு எழுதித் தாங்களேன்" என்றார்.

இப்போது புரிகிறதா? அவளை உட்கார வைத்தால் அணி பிழைக்கலாம்; அவள் பிழைக்க மாட்டாள். ஆட வைத்தால் அணியே போகும், அதோடு அவளும். அவளுக்கும் இது தெரியும். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க உட்கார வைங்க கோச்சக்கா. மத்த பதினோரு பேர் இருக்காங்கல்ல" என்றாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேற்று அடுத்த ஆட்டமும் முடிந்தது. தோற்றோம். இன்னும் ஒன்று, அப்புறம் நீ.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லீக் கமிட்டி ஆட்டம் முடிந்து ஏழு நாளுக்குள் புகார் வாங்கும். குடை என்றால் என்ன என்று நான் எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார்கள். மிரட்டல் என்று எடுத்துக்கொள். வேறு என்னவென்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.

சின்னவள்


மார்ச் 27

சின்னவளுக்கு,

எழுது.

ஆனால் உன் பேச்சை யார் நம்புவார்கள்? குறிலா நெடிலா என்று கமிட்டியில் இலக்கண வகுப்பு நடத்துவாயா? அதனால் நானே எழுதித் தருகிறேன். நான் பெஞ்சிலிருந்து 'குடை' என்று கத்தினால், பந்து எங்கே இருந்தாலும் ஆலை அணியின் சென்டரைப் பிடிக்க வேண்டும் என்று என் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பந்துக்குப் போவது போலக் கையை நீட்ட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 'கூடை' என்று நடுவர் காதில் விழும் என்று தெரிந்துதான் அந்தச் சொல்லை வைத்தேன். கீழே முழுக் கையெழுத்து இருக்கிறது. பத்திரமாக வை.

கமிட்டி தடை போட்டால் துறைமுகம் என்னைக் கோப்பு அறைக்கு அனுப்பும். ஓய்வுக்குப் பதினான்கு வருடம் இருக்கிறது. தூசி எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும்.

ஏன் தருகிறேன் என்று யோசிப்பாய். என் அணியில் ஒரு பெண் இருக்கிறாள், உன்னுடையவளைப் பிடிப்பதற்கென்றே இறக்குகிறேன். ஐந்து ஃபவுல், வெளியே. போன வாரம் பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "மேடம், நான் என்னைக்காவது பந்தைத் தொடுவேனா?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

ஆனாலும் ஏப்ரல் ஆறாம் தேதி கத்துவேன். எனக்கு வேறு ஆட்டம் தெரியாது. நீயும் இதைக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டாய். நான் உன்னை நாற்பத்துமூன்று வருடமாகப் பார்க்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

உனக்குத் தெரியாத ஒன்றைத்தான் எழுத வேண்டும். ஆட்டம் உனக்கும் தெரியும்.

முப்பத்தொரு விநாடி இருந்தது. நீங்கள் ஒரு புள்ளி முன்னால். தோற்றால் எங்களுக்குக் கடைசி இடம். பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போயிருந்தது, எங்கள் பந்து. அந்த இடைவெளியில் சிவிங்கியை வெளியே எடுத்துவிட்டுக் குட்டைப் பெண்ணை உள்ளே அனுப்புவது என்று முடிவு செய்திருந்தேன். பதினோரு பேரை நினைத்துத்தான். அதற்கு நான் புள்ளி எழுதும் மேசையிடம் போய் ஒரு சைகை காட்ட வேண்டும், அவ்வளவுதான். குட்டைப் பெண் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நின்றாள். நான் எழுந்தேன். கையைத் தூக்கினேன்.

நீ "குடை!" என்றாய்.

உன் பெண்களுக்குத்தான் சொன்னாய். ஆனால் அக்கா, நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால், நாற்காலிக்குக் கீழே. தண்ணீர் பாட்டில், துண்டு, என் கைப்பை. குடையைத் தேடினேன். நாற்பத்துமூன்று வயது, பதினைந்து வருடக் கோச், கடைசி அரை நிமிடத்தில் பெஞ்சுக்குக் கீழே குனிந்து தொலைந்துபோன குடையைத் தேடினேன். நிமிர்ந்தபோது நடுவர் பந்தைக் கொடுத்துவிட்டார், உன் பெண் பிடித்துவிட்டாள், விசிலும் ஊதிவிட்டது. இனி அவளை மாற்ற முடியாது. அவள்தான் எறிய வேண்டும்.

மேசைக்காரர், "என்ன மேடம், ஏதாவது விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

சிவிங்கி என்னைப் பார்த்தாள். மேலே இருந்தா கீழே இருந்தா என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். நான் எதுவும் காட்டவில்லை. அவளாகவே பந்தை முழங்காலுக்கு நடுவே இறக்கினாள். சிரிப்பு வந்தது, உனக்கும் கேட்டிருக்கும். உள்ளே போனது. சிரிப்பு நின்றது. புள்ளி சமம். இரண்டாவதையும் கீழிருந்துதான் போட்டாள். அது வளையத்தை ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது. அந்த ஒன்றரைச் சுற்றில் ஜூன் மாதம் முழுவதையும் நான் பார்த்துவிட்டேன். வெளியே விழுந்தது. விழுந்த பந்தை எடுத்தது உன் ஃபவுல் பெண். கடைசியில் அவள் பந்தைத் தொட்டுவிட்டாள், சொல்லிவிடு அவளிடம். மீதி உனக்குத் தெரியும். இரண்டு புள்ளியில் தோற்றோம்.

இந்த முறை நீ கை நீட்டினாய், நானும் கொடுத்தேன். உன் கை ஈரமாக இருந்தது.

இன்று காலை ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இரண்டு வரி. பந்துகளையும் சட்டைகளையும் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். சிவிங்கியைப் பெட்டி கட்டும் பிரிவில் பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி அட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த மேசை அவளுக்கு எப்போதுமே தாழ்வு, குனிந்துதான் மடிப்பாள். மாத முடிவு வரை வரச் சொல்லியிருக்கிறார்களாம். "ஒண்ணு விழுந்துச்சுல்ல கோச்சக்கா" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்.

நான் ஏன் மேசையிடம் போகவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவள் இறுதிவரை ஆட வேண்டும் என்று நான் நினைத்ததாக அவள் நம்புகிறாள். "என்னை நம்பி விட்டீங்க" என்றாள். திருத்தத் தைரியம் வரவில்லை.

ஆட்டத்தின் நாற்பது நிமிடமும் உன் கடிதம் அந்தக் கைப்பையில்தான் இருந்தது. நடுவர் நின்ற இடத்திலிருந்து ஐந்தடி. குடையைத் தேடிக் குனிந்தபோது என் கை அதன் மேல்தான் பட்டது. அப்போதுகூட எடுக்கவில்லை. நீ சரியாகத்தான் எழுதினாய், என்னை உனக்குத் தெரியும்.

கொடுத்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துவிட்டேன். ஆட்டத்தை மறுபடி நடத்தச் சொல்வார்கள். சொன்னாலும் மறுபடி அவள்தான் அந்தக் கோட்டில் நிற்பாள். நீ இருக்க மாட்டாய். ஆனால் வேறு யாராவது வேறு ஏதாவது கத்துவார்கள். பெரும்பாலும் தோற்போம். அதிகாரி பெரும்பாலும் வேறு காரணம் கண்டுபிடிப்பார். நீ கோப்பு அறையில் இருமிக்கொண்டிருப்பாய். நம் இருவருக்கும் நடுவில் இந்தக் கடிதங்கள்கூட இருக்காது. இவ்வளவையும் கொடுத்து அவளுக்குக் கிடைக்கப்போவது இன்னும் இரண்டு எறி.

அவளுக்கு இப்போது பத்தில் ஆறு விழுகிறது, அக்கா. கூடத்தில் யாரும் இல்லாதபோது.

கமிட்டி அலுவலகம் மதியம் இரண்டு மணிக்குத் திறக்கும். உன் மார்ச் 27 கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி, ஒரு உறையில் போட்டிருக்கிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. போகிற வழியில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவேன். இது உன் கைக்கு வருவதற்குள் அவர்கள் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள்.

மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது, மழை வரும் போலிருக்கிறது. வாசலில் மாட்டியிருக்கும் குடையை நான் எடுக்கப் போவதில்லை.

சின்னவள்